வள்ளியின் ரிமோட்

செப். 16, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஷூ காயவில்லை. கொசுவலைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு முழுக்க டெக்னாலஜி எக்ஸிபிஷனுக்குப் போனோம். பார்த்தவை: தானே தரை பெருக்கும் வட்டத் தட்டு (நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது). வாலாட்டும் வெள்ளி நாய். வயசானவர்களுக்கு மாத்திரை நேரம் சொல்லும் பொம்மை, இங்கிலீஷ் மட்டும். கடைசி ஸ்டாலில் குழந்தை ரோபோ. கன்னத்தைத் தடவினால் சிரிக்கும். தலையில் தட்டினால் "ஸாரி" சொல்லி, முட்டி மடக்கி உட்கார்ந்து எழும். ரிமோட்டில் ஸ்டாப் அழுத்துகிற வரை நிறுத்தாது.

தடவ யாரும் வரவில்லை. தட்டத்தான் க்யூ. நானும் தட்டினேன். மண்டை சூடாக இருந்தது.

அந்த ஸ்டால் மேஜையில் ஒரு சின்னப் பிள்ளையார். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். இந்த பெங்காலி ஊரில் காதைப் பிடித்து உட்கார்ந்து எழுவது மிஸ் கொடுக்கிற பனிஷ்மென்ட். சாமிக்கு யாரும் செய்வதில்லை. எனக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. அவள் அப்பா தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து மாற்றலாகி இப்போதுதான் வந்திருக்கிறார். எங்கள் குவார்ட்டர்ஸ், கீழ்வீடு, என் கிளாஸ். பெங்காலி ஒரு வார்த்தை வராது. நெற்றியில் குட்டிக்கொண்டு, ரோபோவுக்குப் பக்கத்திலேயே தோப்புக்கரணம் போட்டாள். இரண்டும் சேர்ந்து மேலும் கீழும். ஸ்டால்காரர்கூடச் சிரித்தார்.

எங்கள் கிளாஸ் மௌமிதா மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். அதுதான் பயம்.

செப். 17, புதன்

விஸ்வகர்மா பூஜை, லீவு. மாடிக்கு மாடி பட்டம். அப்பா ஒர்க்‌ஷாப் பூஜையிலிருந்து கிச்சடி கொண்டுவந்தார். நாளை ஸ்கூல்.

செப். 18, வியாழன்

டிபன் நேரம். மௌமிதா வள்ளியின் தலையில் தட்டினாள். வள்ளி முழித்தாள். இந்த ரோபோவுக்குத் தமிழ்தான் ஏறும், நீதான் ரிமோட் என்று மௌமிதா என்னிடம் சொன்னாள். ரிமோட் வேலை செய்யாவிட்டால் அதையே ரோபோ ஆக்கிவிடலாம் என்றாள். எல்லோரும் சிரிப்பு.

போன வருஷம் முழுக்க மௌமிதாவுக்கு நான் "இட்லி". பையில் தண்ணீர், பெஞ்சில் கோந்து. ரிமோட் பரவாயில்லை.

விளையாட்டு என்று வள்ளியிடம் சொன்னேன். காதைப் பிடி. ஸாரி சொல்லு. உட்கார். எழுந்திரு. சிரித்துக்கொண்டே செய்தாள். பிள்ளையாருக்குப் போடுகிற மாதிரியே கையைக் குறுக்கே மாற்றிப் பிடித்துக்கொண்டு.

செப். 23, செவ்வாய்

கணக்கு டெஸ்ட் சுமார். வெயில்.

தினமும் நடக்கிறது. வள்ளி இப்போது சிரிப்பதில்லை. இன்று கையால் தட்டவில்லை, ஜாமெட்ரி பாக்ஸ்.

ஷ்ரேயா (மௌமிதாவின் பக்கத்து சீட்) திடீரென்று பெங்காலியில் "தாக், தாக்" என்றாள். அவள் கால் நடுங்குது, விட்டுடு என்றாள். மௌமிதாவுக்கும் அலுத்துவிட்டது போல. சரி ரிமோட், நிறுத்து என்றாள். வள்ளி பாதி உட்கார்ந்தபடி என் வாயையே பார்த்தாள்.

பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. மௌமிதா என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் போடணுமாம்" என்றேன்.

போட்டாள். ஸ்டாப் பட்டன் கெட்டுப்போச்சு என்று மௌமிதா விழுந்து விழுந்து சிரித்தாள். பெல் அடிக்கிற வரை ஷ்ரேயா "தாக்" சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் வள்ளி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் முறுக்கில் பாதி கொடுத்தாள். தின்றேன்.

செப். 27, சனி

எங்கள் வீட்டுக் கொலு. சுண்டலில் உப்பு கம்மி. மரப்பாச்சிக்கு நான் தைத்த பாவாடை நிற்கவில்லை.

சாயங்காலம் வள்ளியும் அவள் அம்மாவும் வந்தார்கள். மேல் படியில் பிள்ளையார். வள்ளி கையைத் தொங்கப்போட்டு நின்றாள்.

"ஏட்டி, பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடு" என்றாள் அவள் அம்மா.

"ஸ்கூல்லயே போட்டாச்சும்மா."

இரண்டு அம்மாக்களும் சிரித்தார்கள். உங்க ஸ்கூல்ல பிள்ளையார்கூட இருக்காரா என்று அம்மா என்னைக் கேட்டாள். இருக்கார் என்றேன்.

அம்மா குங்குமம் வைக்கக் கையை நீட்டினாள். வள்ளி கண்ணை இறுக்கிக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தாள். கூச்சம் என்றாள் அவள் அம்மா. சுதா கூட இருக்கிற தைரியத்துலதான் இவளை அந்த ஸ்கூலுக்கு விடுறேன் என்று என் கன்னத்தைத் தடவினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது வள்ளி கேட்டாள்.

"அத்தை, 'தாக்'னா என்ன?"

அம்மா காய்கறிக்காரனிடம் தினமும் சொல்கிற வார்த்தை. "போதும், விட்டுடுன்னு அர்த்தம். ஏன் கேக்குற?"

"ஒண்ணுமில்ல அத்தை."

வள்ளி என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபம்கூட இல்லை. எனக்கு பெங்காலி சொல்லிக்கொடுங்க அத்தை, சீக்கிரம் கத்துக்கணும் என்றாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வாசற்படியிலேயே முதல் பாடம். ஆமின்னா நான். துமின்னா நீ. எங்க, சொல்லு பாப்போம்.

வள்ளி தன் நெஞ்சைத் தொட்டு "ஆமி" என்றாள்.

பிறகு கையை உயர்த்தி என் தலையில் தட்டி, "துமி" என்றாள். லேசாகத்தான்.