குதிரைக்குப் பிறகு நான்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு வலி தேவலையா? எங்கள் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் மேஜை உன் எடையைத் தாங்காது. கால்நடை மருத்துவமனையில் பெரிய இயந்திரம் இருக்கிறது. அங்கே சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வா, தெரிந்தவர் யாரும் பார்க்க மாட்டார்கள். இதெல்லாம் ஒரு திருப்திக்குத்தான். எடையைக் குறைத்தால் வலி தானாகப் போய்விடும்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 11

என் டாக்டர் தம்பிக்கு,

கோபத்தில் எழுதிய இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்னால் ஒரு குதிரை. மயக்க ஊசி போட்டு, மெத்தையில் சாய்த்து, கண்ணுக்குத் துணி கட்டி, நாலு பேர் தாழ்ந்த குரலில் பேசியபடி வேலை பார்த்தார்கள். மூச்சுக்கு மூச்சு அந்த விலா எழும்பி இறங்கியதே, அப்பப்பா! "என்ன உடம்பு, பாத்தீங்களாம்மா!" என்றார் அங்கிருந்த டாக்டர். நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெரிய உடம்பைப் பார்த்து ஒருவர் வியந்து நான் கேட்டதே இல்லையடா.

அடுத்து நான். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டு, அந்த இடத்துக்குத் தலையணை வைத்தார். நீ இதுவரை கேட்காத கேள்வி.

கிளம்பும்போது சொன்னார்: "உங்க தம்பி ஆஸ்பத்திரிலேருந்து நிறைய பேர அனுப்புறாங்க. பாதிப் பேர் வாசல்ல குதிரைய இறக்குறதப் பாத்துட்டு அப்படியே திரும்பிடறாங்கம்மா."

அவர்கள் என்ன ஆனார்கள்? உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பெரிய ஸ்கேன் மேஜை வாங்குவதைத் தள்ளிப்போட்டவன் நீதானே? அதற்குப் பதில் சொல்லாமல் என் ஸ்கேன் படத்தைப் பற்றி மட்டும் எழுதினால், இனி எனக்குத் தம்பி இல்லை.

அக்கா

மார்ச் 19

அக்கா,

முதுகெலும்பை ஒட்டி ஒரு கட்டி. எடுத்துவிடலாம், பயமில்லை. உன் எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வலியோடு பள்ளி மாடியைத் தினமும் எப்படி ஏறினாய்? நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

பெரிய மேஜை வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பிப் போனவர்களுக்கு நானே போன் செய்கிறேன். முதல் வீட்டில் மகன் எடுத்தான். அப்பா போய் மூன்று மாசம் ஆகிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அடுத்த வீட்டில் ஒரு அம்மா. இனி எங்களிடமே பார்க்கலாம், வாருங்கள் என்றேன்.

"இளைச்சுட்டு வரணுமா டாக்டர், இப்படியே வரலாமா?"

"இப்படியே வாங்கம்மா" என்றேன். உன்னிடம் ஒரு நாளும் சொல்லாததை முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீயும் இப்படியே வா, அக்கா.

தம்பி