இருட்டிப்போன மீட்டரும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் வாய் எங்களைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை வந்தால் அன்றைக்கே முடித்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் பழைய ஹைப்ரிட் காரின் மீட்டர் போன மாதம் திடீரென்று இருட்டிப்போனது. வேகம், பெட்ரோல், எந்தக் கியர், ஒன்றும் தெரியாது. முழு மீட்டரையும் மாற்றவேண்டும், அந்தச் செலவுக்கு இந்த வண்டி பெறாது என்று ஷோரூமில் கையை விரித்துவிட்டார்கள். உன் அப்பா அசரவில்லை. "வேகம் என் காலுக்குத் தெரியும்" என்று ஓட்டினார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போக, "இப்பல்லாம் ஜனங்களுக்கு என்ன அவசரமோ" என்று அங்கலாய்த்தார். அந்த வண்டிதான் பேட்டரியில் நிற்கும்போது பூனை மாதிரிச் சத்தமே போடாதே, சலூன் வாசலில் நிறுத்தி, அணைத்துவிட்டதாக நினைத்து இறங்கி உள்ளே போய்விட்டார். அது அணையவில்லை. கியரிலேயே இருந்து மெல்ல உருண்டு, சலூன் கதவில் மூக்கை இடித்து நின்றது. பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் எழுந்து ஓடினாராம்.

யாருக்கும் அடியில்லை, உன் அப்பாவின் மனசுக்குத்தான் அடி. சாவியை இழுப்பறையில் போட்டவர் பிறகு தொடவே இல்லை. டிவியில் செய்தி வாசிப்பவரோடுகூட வாதம் செய்யவில்லை. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "கெட்டது வண்டியா, இல்ல என் மூளையா?" என்று கேட்டார். பதில் தெரியாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

காது கேட்கும் கருவிக் கடையில் அத்தனை வருஷம் பழுதுபார்த்து ஈயப் பற்றவைப்பு செய்த கைதானே இது என்று துணிந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பிரித்தேன். உள்ளே மின்சாரத்தைத் தேக்கித் தரும் கண்டென்சர் ஒன்று, மிளகு அளவுதான், உப்பிப்போய் இருந்தது. உன் அப்பா டார்ச் பிடித்தார், வெளிச்சம் எனக்கு வேண்டிய இடம் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. புதியதை வைத்து ஈயம் போட்டேன், கட்டைவிரலையும் சுட்டுக்கொண்டேன். பூட்டிப் பார்த்தால் அதே இருட்டு, கண்டென்சரின் ஒரு கம்பிக்கால் சரியாக ஒட்டவில்லை. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். அந்தக் குரல் திரும்பி வந்ததில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மறுபடி ஒட்டியதும் எல்லா எண்களும் பளிச்சென்று வந்தன. ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு "அப்ப வண்டிதான்" என்றார். "வண்டியேதான்" என்றேன். வண்டியை நிறுத்தும் பட்டனை அன்றைக்கு அழுத்தினாரா இல்லையா என்பது மீட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவேண்டியதில்லை. இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் "நாங்க ரெண்டு பேருமாப் பிரிச்சு சரி பண்ணோம்" என்கிறார். அந்தக் கதையில் டார்ச் பிடித்தது நானாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமும் சொல்வார். புதிதாகக் கேட்பதுபோல் கேள், நடுவில் சிரித்துவிடாதே. சலூன் பேச்சை மட்டும் எடுக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, அவருக்கு வாய் நிற்காது.

எந்தக் குறையும் உங்கள் வாசலை எட்டாமல் இருவரும் நிறைவாக வாழவேண்டும்.

உன் அம்மா
(டார்ச் பிடித்தவள்)