முழங்கால் தாங்கும் வரை

கும்பகோணம்,
4-2-1935

சேசுவுக்கு ஸ்தோத்திரம்.

பிரியமுள்ள அவர்களுக்கு வியாகுலம் எழுதிக்கொண்டது. நானும் பாப்பாவும் சுகமாக அண்ணன் வீடு வந்து சேர்ந்தோம். உங்கள் முழங்கால் வீக்கம் எப்படி இருக்கிறதென்று எழுதவும்.

நான்கு நாளாக யோசிக்கிறேன், என் குற்றம் என்னவென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து உட்கார்ந்தீர்கள். நம் பாப்பா லூர்து உங்கள் மடியில் ஏற வந்தாள். "இவளை எடுத்துக்கிட்டு உங்கண்ணன் வீட்டுக்குப் போ" என்று கத்தினீர்கள். கல்யாணமாகி இரண்டரை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பாஸ்குத் திருநாள் வரை தங்க வந்தேன் என்று அண்ணியிடம் பொய் சொல்லியிருக்கிறேன். தபசுகாலத்துக்குள் சாமியாரிடம் அதற்கும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நான் செய்த தப்பை நீங்கள் சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
வியாகுலம்

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி,
8-2-1935

அன்புள்ள வியாகுலத்துக்கு சவரிநாதன் ஆசீர்வாதம்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

என் முழங்கையிலும் தலையிலும் உள்ள படை இப்போது இடுப்பிலும் வந்து, வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. முழங்கால் இரண்டும் வீங்கிப் போய், காலையில் கட்டிலைப் பிடித்து அரை மணி நேரம் நின்றால்தான் ஓரடி வைக்க முடிகிறது. நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு பூசையில் முழந்தாளிட முடியாமல் நின்றேன். பக்கத்திலிருந்தவர்கள் என் கையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். நீ பெண்கள் பக்கம் இருந்தாய், உனக்குத் தெரியாது.

அதற்கடுத்த வியாழக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். "டிராயிங் மாஸ்டர், கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கங்க. பிள்ளைங்க வீட்டுல பேசுறாங்க" என்றார். வீட்டுக்கு வந்தேன், பாப்பா மடியில் ஏற வந்தாள்.

அது என்ன வியாதி என்று உனக்கே புரியும். குழந்தைக்கு ஒட்டக் கூடாது. நீ அண்ணனோடேயே இரு. ஸ்ரீரங்கத்துத் தமிழ்ப் பண்டிதர் ஒருவர்தான் இன்னும் வீடு தேடி வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். அவரையும் வரவேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.

சவரிநாதன்

கும்பகோணம்,
11-2-1935

அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதக் கூசிய பெயரை நான் எழுதுகிறேன். பெருவியாதி, குஷ்டம். எழுதிவிட்டேன், கை ஒன்றும் ஒடிந்துவிடவில்லை.

உங்களுக்கு அதுதான் என்று சொன்னது யார்? தலைமையாசிரியர் எப்போது டாக்டருக்குப் படித்தார்? தலையிலுள்ள அந்தப் படையைக் கல்யாணமான மறுநாளே பார்த்தேன். பொடுகு என்றீர்கள், எண்ணெய் தேய்த்துவிட்டேன். இத்தனை நாள் தேய்த்த என் கையில் ஒன்றையும் காணோம்.

புத்தூரில் டாக்டர் அற்புதசாமி இருக்கிறார். குதிரை வண்டி வைத்துக்கொண்டு போங்கள். பண்டிதரைத் துணைக்கு அழையுங்கள், விரட்டாதீர்கள். ஒரு வாரத்துக்குள் டாக்டர் சொன்னதை எழுதாவிட்டால் பாப்பாவோடு வந்து நிற்பேன். எதுவானாலும் ஒரே வீட்டில் ஆகட்டும்.

வியாகுலம்

பாலக்கரை,
16-2-1935

என் அன்பு வியாகுலத்துக்கு,

அது இல்லை. முதலில் இதைப் படித்துவிடு. அது இல்லை.

இன்று காலை பண்டிதர் கைத்தாங்கலாக என்னைக் கூட்டிப் போனார். டாக்டர் என் கண்ணைக் கட்டிவிட்டுப் பஞ்சால் தொட்டார்.

"எங்க தொடுறேன், சொல்லுங்க."

"முழங்கையில."

"இப்ப?"

"இடுப்புல."

"இப்ப?"

பயந்து போய், "ஒண்ணும் தெரியலீங்களே" என்றேன்.

"நான் தொடவே இல்லையே, மாஸ்டர்" என்று சிரித்தார்.

ஊசி முனையால் குத்தினார், சுடுநீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் குளிர்நீர்க் குழாயையும் தோலில் வைத்துப் பார்த்தார். எல்லாம் உறைத்தது. பெருவியாதி என்றால் அந்த இடத்தில் உணர்ச்சியே இருக்காதாம். நகத்தில் ஊசி குத்தினாற்போன்ற பள்ளங்கள் இருப்பதைக் காட்டினார். இதற்கு சோரியாசிஸ் என்று பெயராம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. சிலருக்குத் தோலோடு மூட்டையும் பிடிக்குமாம். என் முழங்கால் வீக்கமும் அதன் வேலைதான். இடது முழங்காலில் ஊசி ஏற்றி மஞ்சள் நீர் எடுத்தார். எழுந்து நின்றேன். வியாகுலம், யாரையும் பிடிக்காமல் நின்றேன்.

"முழுசாப் போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஏறும், இறங்கும். ஏறுறப்ப ஓய்வு எடுங்க, இறங்குறப்ப நடங்க" என்றார். காலையில் வெந்நீர் ஒத்தடம், படுத்தபடி காலை மடக்கி நீட்டுவது, படைக்குத் தார் போன்ற கீல் களிம்பு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மருந்து. மடக்கியே வைத்தால் மூட்டு இறுகிவிடுமாம், அதனால் முழங்காலுக்கு அடியில் தலையணை கூடாது. களிம்பு வாடைக்கு நீ மூக்கைப் பிடித்துக்கொள்வாய்.

கிளம்பும்போது கேட்டேன். "குழந்தையைத் தூக்கலாமாங்க?"

"முழங்கால் தாங்குற வரைக்கும் தூக்குங்க" என்றார்.

வண்டியில் அழுதேன். பண்டிதர் காவிரி பக்கம் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். புத்தூரிலிருந்து காவிரி எங்கே தெரிகிறது!

வந்துவிடு.

சவரிநாதன்

கும்பகோணம்,
19-2-1935

என் பிரியமுள்ளவருக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் நின்றபடியே படித்தேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அண்ணி பயந்து ஓடிவந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் பொய்யையும்.

ஒன்றை உங்களிடமும் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் வீரமாக எழுதினேனே, அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, பாப்பாவின் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தேடினேன். மறுநாளும் தேடினேன். கொசு கடித்த தடிப்பைக் கண்டு விளக்கருகே தூக்கிப் போய்ப் பார்த்தேன். நீங்கள் பயந்ததைத் திட்டிய நானும் அப்படித்தான் இருந்தேன். மன்னியுங்கள்.

வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் வருகிறோம். அண்ணன் கூட வருகிறார். நீங்கள் ஸ்டேஷனுக்கு வராதீர்கள், முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

வியாகுலம்

பாலக்கரை,
20-2-1935

வியாகுலத்துக்கு,

நீ கிளம்புவதற்கு முன் இந்தக் கார்டு வந்து சேர வேண்டுமே என்று இருக்கிறது. நீ தேடிப் பார்த்தது சரிதான், பெற்றவள் தேடாமல் இருப்பாளா? இதற்கு மன்னிப்பு எதற்கு?

ஒட்டும் வியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். "தப்பா நெனச்சிட்டேங்க" என்றார். திங்கள் முதல் வேலை. கரும்பலகைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார்.

ஸ்டேஷனுக்கு நான் வருவேன். வலது கால் இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது. வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உங்களைக் கண்டதும் எழுந்திருக்கச் சற்று நேரமாகும், பதறாதே.

சவரிநாதன்