அந்தோணி முறுக்கிய இரண்டு போல்ட்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். அடுகோடி சிக்னலில் இருபது நிமிடம். பட்டறை ஷட்டரைத் தூக்குவதற்குள் சாக்ஸ் வரை நனைந்துவிட்டது.

பத்து மணிக்கு ஓனர் மஞ்சுநாத் வந்தார், கையில் டிராயிங். இருபத்தேழு பல் சக்கரம், பன்னிரண்டு வேண்டும். வழக்கமாகப் பல் வெட்டித் தருகிற வெளிக்கடையில் மிஷின் படுத்துவிட்டதாம்.

"குணா, நம்ம டிவைடிங் ஹெட்ட எடுத்து சரி பண்ணுங்க. அடுத்த வாரம் வேணும்."

 லேத்தில் நின்ற நாகராஜ் தலையைத் திருப்பிக்கொண்டான்.

பல் வெட்டும்போது சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் அந்தக் கருவி டிசம்பரிலிருந்து மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. கூரை ஒழுகி சாக்கு முழுக்க ஈரம். இழுத்து வெளியே போட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். அசையவே இல்லை. ஏழு மாதமாக யாரும் தொடவில்லை. என் பக்கத்து மில்லிங் மிஷினில் நின்ற அந்தோணியின் இரண்டு விரலை எடுத்தது என்பதால்.

இவ்வளவு நாள் எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன். அன்று சாய்வான பல் வெட்டும் வேலை. ஹெட்டின் மேல்பாகத்தை நிமிர்த்தி, சாய்வு வைத்து, இரண்டு ஆலன் போல்ட்டை முறுக்கி நிறுத்த வேண்டும். அந்தோணி நிறுத்தினான். அடியில் கிடந்த இரும்புத் தூளைத் துடைக்க இடது கையை விட்டான். மேல்பாகம் அப்படியே கவிழ்ந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும். தூக்கிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் சொன்னது, "டைட் பண்ணேன் சார். ரெண்டையும் பண்ணேன்."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது, "மறந்திருப்பான் சார்."

அவன் பக்கத்து மிஷினில் ஒன்பது வருடம் நின்ற நான் சொன்னால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அவனை வேலைக்கு எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. வெளியே வைத்து டீசல் ஊற்றி ஊறவிட்டேன்.

செய்தவை:
– பழைய எண்ணெய் வடித்தது. எண்ணெய் அல்ல, தார்.
– துளைத் தட்டு கழற்றி பிரஷ் போட்டது. துளைகளில் துரு.
– கைப்பிடி மாலை 4 மணிக்குக் கால் சுற்று வந்தது. அதற்கு மேல் மறுத்தது. அடிக்கவில்லை. அடித்தால் உள்ளே பல் போகும்.

வீட்டில் மலர் கையை மோந்து பார்த்து, "என்னங்க இவ்ளோ டீசல் நாத்தம்?" என்றாள். சொன்னேன். அது என்ன சாமான் என்று கேட்டாள். இரும்பு வட்டத்தைச் சமமாகப் பங்கு போடுகிற கருவி, கைப்பிடி நாற்பது சுற்று சுற்றினால் வேலை ஒரு சுற்று திரும்பும் என்றேன்.

"அந்தோணி அண்ணன் கை போனதே, அதுவா?"

அதுதான் என்றேன்.  சோறு வைத்தாள்.

ஜூலை 9, புதன்

இறுக்கத்துக்குக் காரணம் தெரிந்தது. ஸ்பிண்டில் தண்டு உட்காரும் இடத்தில் துரு, உள்ளே கிரீஸ் காய்ந்து சாக்லேட் மாதிரி. ஸ்பிண்டில் வெளியே வர மதியம் ஆகிவிட்டது. மரக்கட்டை வைத்து மெல்ல மெல்லத் தட்டி எடுத்தேன். பல் ஒன்றும் உடையவில்லை. நிம்மதி.

எமரி பேப்பர், மிக நைஸ். சுற்றிச் சுற்றி இரண்டு மணி நேரம். தோள் வலி.

டீக்கடையில் எதிர்ப்பட்டறை சூப்பர்வைசர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "யாரு, அந்தோணியா? வேணாம்ப்பா. போல்ட் டைட் பண்ணாம கைய உட்டவன். நாளைக்கு நம்ம தலையில விடியும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

கரன்ட் இரண்டு தடவை போனது. வானம் மூட்டம்.

கடைசியாக அடிப்பாகம். மேல்பாகத்தைப் பிரிக்க அந்த இரண்டு போல்ட்டையும் கழற்ற வேண்டும். விபத்துக்கு மறுநாள் ஹெட்டை அப்படியே மிஷினிலிருந்து இறக்கி மூலையில் வைத்தார்கள். அதாவது அந்தோணி விட்ட நிலையிலேயே போல்ட் இரண்டும்.

ஆலன் கீ போட்டேன். திரும்பவில்லை. கீயில் பைப் மாட்டி இழுத்தேன். டக்கென்று விட்டது. இரண்டாவதும் அதேபோல்.

துருவாக இருக்கும் என்று நினைத்தேன். துருவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அதுதான் சரி. வெளியே வந்த மரையில் துரு இல்லை. பளபளவென்று எண்ணெயோடு வந்தது.

அவன் முறுக்கித்தான் இருக்கிறான். இரண்டையும்.

அப்படியானால் ஏன் கவிழ்ந்தது? போல்ட்டின் முனையைப் பார்த்தேன். நசுங்கி, நடுவில் வட்டமாக மினுமினுப்பு. துளையின் அடியில் போய் முட்டிய தடம். வெர்னியர் வைத்துத் துளை ஆழம் அளந்தேன். போல்ட் மூன்று மில்லிமீட்டர் நீளம் அதிகம்.

திரும்பப் போட்டு முறுக்கினேன். கீ கல் மாதிரி நின்றது. யார் முறுக்கினாலும் இறுகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் போல்ட் தலைக்கு அடியில் ஒரு காகிதத்தை விட்டால் தாராளமாகப் போய் வந்தது. மேல்பாகத்தைக் கையால் தள்ளினேன். ஆடியது.

அந்த போல்ட் இரண்டையும் மாட்டியது நான். விபத்துக்கு முந்தின நாள். பழையவற்றின் தலை உருண்டுபோய் கீ பிடிக்கவில்லை என்று டப்பாவில் கிடந்ததை எடுத்துப் போட்டேன். மரை சரியாக இருந்தது. நீளம் அளக்கவில்லை. முறுக்கினேன், கீ நின்றது, போதும் என்று விட்டேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாகராஜ், "என்ன குணாண்ணா, சுகர் கம்மியா?" என்று தண்ணீர் கொண்டுவந்தான்.

ஜூலை 11, வெள்ளி

ஹெட் பூட்டியாகிவிட்டது. புது எண்ணெய். சரியான நீளத்தில் புது போல்ட், அளந்து, இரண்டு தடவை அளந்து. கைப்பிடி ஒற்றை விரலில் சுற்றுகிறது. டயல் வைத்துப் பார்த்ததில் ஆட்டம் இல்லை.

ஓனர் வந்து கன்னடத்தில், "ஆய்த்தா?" என்றார்.

"ஆய்த்து சார்."

சுற்றிப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். எல்லோருக்கும் டீ சொன்னார்.

பழைய போல்ட் இரண்டும் என் பேன்ட் பாக்கெட்டில். சொல்லவில்லை. சொல்லாததற்கு நாள் முழுக்கக் காரணம் சேர்த்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. விரல் திரும்ப வராது. வேண்டுமென்று செய்யவில்லை. என்னையும் வெளியே அனுப்பினால் மகள் காலேஜ். எல்லாமே உண்மைதான். ஒன்றும் நிற்கவில்லை.

ஜூலை 12, சனி

துணி துவைக்கப் போடும்போது மலர் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டாள். "இத மிஷின்ல போட்டிருந்தா என்னா ஆவுறது?" என்று கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "என்னங்க?"

முழுவதும் சொன்னேன். மறந்திருப்பான் என்று நான் சொன்னதையும். அது அவளுக்குத் தெரியாது.

போல்ட்டைத் துணியில் துடைத்து என்னிடமே கொடுத்தாள். பிறகு, "அந்தோணி அண்ணன், ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு நாம போயி எத்தன மாசம் ஆச்சுன்னு யோசிச்சிட்டிருந்தேன். நீங்க ஏன் தட்டிக் கழிக்கிறீங்கன்னு இப்பதான் புரியுது" என்றாள். "எனக்குத் தெரியாது மலர், இப்பதான் தெரிஞ்சுது" என்றேன்.

"போல்ட்டு விஷயம் இப்ப தெரிஞ்சிருக்கும். அவரு பொய் சொல்ற ஆளில்லன்னு அப்பவே தெரியும் இல்ல?"



ஜூலை 13, ஞாயிறு

லிங்கராஜபுரம், அந்தோணி வீடு. பஸ்ஸில் போனேன், வண்டி ஓட்டும் நிலையில் இல்லை. சர்ச் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்தோணி செக்யூரிட்டி சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து அபார்ட்மென்டில் கேட் வேலை, மதிய ஷிப்ட். பட்டனை வலது கையால் மட்டும் போட்டான்.

"வா குணா. என்னா, வழி தெரிஞ்சுதா?"

ஸ்டெல்லா, "உக்காருங்கண்ணா, காபி போடறேன்" என்று எழுந்தார். வேண்டாம், நீங்களும் இருங்கள் என்றேன். போல்ட் இரண்டையும் மேஜைமேல் வைத்தேன்.

சொன்னேன். எங்கே முட்டியது, எவ்வளவு நீளம், யார் மாட்டியது, எல்லாம்.   அந்தோணி ஒரு போல்ட்டை எடுத்து முனையைக் கட்டைவிரலால் தடவினான்.

"அப்ப நான் டைட் பண்ணியிருந்தேன்."

"பண்ணியிருந்தடா."

"ரெண்டையும்."

"ரெண்டையும்."

ஸ்டெல்லா அழ ஆரம்பித்தார். "தெனம் கேஸ் அடுப்ப மூடிட்டு நாலு தடவ திரும்பி வந்து பாக்கறாருண்ணா. கதவப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வராரு. ஏன்னு கேட்டா, என் கைய நானே நம்ப முடியல ஸ்டெல்லான்றாரு."

அந்தோணி அவரைப் பார்க்கவில்லை, போல்ட்டைத்தான் பார்த்தான். "முதல்ல சண்ட போட்டேன். பண்ணேன், பண்ணேன்னு. அப்புறம் எல்லாரும் சொல்ல சொல்ல, பண்ணலையோன்னு எனக்கே வந்துடுச்சு. கீயைப் பிடிச்சது ஞாபகம் இருக்கு. ஆனா அது அன்னைக்கா, அதுக்கு முந்தின நாளான்னு குழம்பிப்போச்சு. உன்ன நம்பி என் ஞாபகத்தையே விட்டுட்டேன் குணா."

மன்னிச்சுடு என்றேன். வேறு எந்தச் சொல் இருக்கிறது?

"போல்ட் மாட்டுனது தப்பு. யாருக்கும் ஆகும். எனக்கும் ஆயிருக்கும்," என்றான். "மறந்திருப்பான்னு சொன்ன பாரு. அத நீ பாக்காமயே சொன்ன."

தொப்பியை எடுத்துக்கொண்டான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று நான்கு பட்டறை பெயர் சொன்னான், வேலை கேட்டுப் போய்த் திரும்பிய இடங்கள். "அங்க எல்லாம் நீயே போய் சொல்லு. ஓனர்கிட்டயும். நான் சொன்னா எவனும் கேக்க மாட்டான்."

போல்ட்டை அவன் எடுத்துக்கொண்டான். ஒன்றை மட்டும். மற்றதை என் பக்கம் தள்ளினான்.

ஜூலை 14, திங்கள்

ஓனர் வந்ததும், மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னேன். போல்ட்டைக் கையில் கொடுத்தேன். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, நாகராஜுக்கும் புரிய வேண்டும் என்று.

மஞ்சுநாத் சார் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நானும் ஒரு கீ போட்டுப் பாக்கலியே குணா," என்றார். "அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது."

பிறகு அந்தோணி நம்பர் கேட்டார். வெளியே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வந்து, மில்லிங்கில் இனி நான் நிற்க வேண்டாம், டிரில்லிங் பாருங்கள் என்றார். சரி சார் என்றேன். நியாயம்.

ஜூலை 15, செவ்வாய்

மதியம் லீவு. நான்கு பட்டறைக்கும் போனேன். இரண்டில் கேட்டுக்கொண்டார்கள். ஒன்றில், "இத சொல்லவா இவ்ளோ தூரம்?" என்று சிரித்தார்கள். எதிர்ப்பட்டறை சூப்பர்வைசர் மட்டும் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே உன்னத்தான் சேத்துக்கக் கூடாது" என்றார். சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

நான்காவதிலிருந்து வெளியே வந்தபோது பலத்த மழை. ஒதுங்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

நேற்று எழுதவில்லை. ஓனர் அவனைத் திரும்பக் கூப்பிட்டிருப்பதாக நாகராஜ் சொன்னான், ஆனால் அந்தோணி வரவில்லை, எதை எழுதுவது?

இன்று 9.10க்கு வந்தான். பழைய காக்கிச் சட்டை. நாகராஜ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். ஓனர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், அவன் தலையை ஆட்டினான். என்னிடம் வந்து, "வேலைக்கு வரேன். உன்கிட்ட பேசறதுக்கு வரல. புரிஞ்சுதா?" என்றான். புரிந்தது.

ஹெட்டைத் தானே பார்த்தான். கைப்பிடியைச் சுற்றினான், முன்னும் பின்னும். புது போல்ட்டைக் கழற்றி நீளம் அளந்தான், துளையை அளந்தான், திரும்ப மாட்டினான். நான் டிரில்லிங் பக்கத்திலேயே நின்றேன்.

ஹெட்டை மில்லிங் மிஷின் டேபிள்மேல் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். நாகராஜ் டூல் வாங்க வெளியே போயிருந்தான். அந்தோணி சுற்றிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஒரு கை குடு."

அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கனம். அவன் இடது கையில் மிச்சம் இருக்கும் மூன்று விரல் அடிப்பாகத்தின் விளிம்பைப் பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"என் கையப் பாக்காத," என்றான். "முன்னாடி பாத்து நட."