ரோஸி அக்காவுக்கு மைக் இல்லை

கீழ்ப்பிரிவு,
பசறை.
ஞாயிறு காலை.

அன்புள்ள செல்விக்கு,

உன் விஜேந்திரன் எழுதுகிறேன். நானும் பிள்ளையும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனசுக்கும் சுகமா என்பதைக் கடிதத்தின் கடைசியில் நீயே தெரிந்துகொள்வாய். போனில் பேசாமல் இவன் எதற்குப் பேனாவைத் தூக்கினான் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல போன் தனுஜாவின் கையில் இருக்கிறது. அதில் வொய்ஸ் அனுப்பினால் உனக்கு முன்னால் அவள் கேட்டுவிடுவாள். இது அவள் இப்போது கேட்கக்கூடாத விஷயம். போன் கடை மபாஸ் நானாவின் கொழுந்தியாள் ஸிஹாமா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். நீ சாமான் வாங்கப் போகும் பக்காலாக் கடைக்குப் பக்கத்தில்தான் அவளுக்கும் வேலையாம். வியாழக்கிழமைக்குள் இதை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. புது வீட்டுச் சுவர் நாலு பக்கமும் எழும்பி, மேலே ஒன்றும் இல்லாமல் நனைந்துகொண்டு நிற்கிறது. பழைய உரச் சாக்குகளை விரித்துக் கட்டியிருக்கிறேன். நாம் இருக்கும் லயத்து அறையில் அடுப்புக்கு மேலே ஒழுகும் இடத்துக்கு ஒரு வாளி வைத்திருக்கிறோம். நான் இப்போது கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டு நிற்கிறேன். முழங்கால் வலியில் போன வாரம் இரண்டு நாள் அரைப் பேர்தான் விழுந்தது. நாள் முழுக்க நின்றால் ஒரு பேர், முழுச் சம்பளம். பாதியில் இறங்கினால் அரைப் பேர். உனக்குத் தெரியாததா. காசைப் பற்றிப் பேசப் போகிறேன், அதற்காகச் சொன்னேன்.

இனி விஷயம். முடிவு உனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது எப்படித் தெரியவந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

ஒன்லைன் வகுப்புக்கென்று நீ அனுப்பிய போனில் பிள்ளை விளையாடுகிறாள் என்பது நமக்குப் பழைய செய்தி. நாலு பேர் பிளேனிலிருந்து ஒரு தீவில் குதித்து, எதிரே வருகிறவர்களைச் சுடுகிற விளையாட்டு. முதலில் இருநூறு ரூபாய் கேட்டாள், கொடுத்தேன். பிறகு ஐந்நூறு கேட்டாள். எதற்கென்று விசாரித்தால் அந்தப் பொம்மைக்குச் சட்டை வாங்கவாம். அந்தச் சட்டையைப் போட்டால் குண்டு படாதா என்று கேட்டேன். படுமாம். பிறகு எதற்கடி என்று நான் போட்ட சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்டிருக்கும். அதோடு என்னிடம் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆனால் பொம்மைக்குப் புதுச் சட்டை வருவது நிற்கவில்லை. ஐந்து மாதமாக வாரத்துக்கு ஒன்று வருகிறது. யார் வாங்கித் தருகிறார்கள் என்றால் ரோஸி அக்கா என்றாள். யார் அந்த ரோஸி? குவைத்தில் வேலை செய்கிற இலங்கை அக்காவாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருவாளாம், தனுவோடு சேர்ந்து விளையாடுவாளாம். ஆனால் வாயைத் திறப்பதில்லை. தனு பேசுவாள், அந்த ரோஸி எழுத்தில் பதில் போடுவாள். கேட்டால், அக்காவின் போனில் மைக் பழுதாம்.

செல்வி, ஒரு பெண் பிள்ளையின் அப்பனாக யோசித்துப் பார். முகம் தெரியாத ஆள், குரலைக் காட்டாத ஆள், தரம் ஒன்பது படிக்கிற பிள்ளைக்கு வாரம் தவறாமல் பரிசு கொடுக்கிற ஆள். அது ஆம்பளைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனைப் பிடுங்கி அடுப்பில் போடலாமா என்று நினைத்தேன். பிடுங்கினால் இவள் வேறு யாருடைய போனிலாவது அவனைத் தேடிப் போய்விடுவாளோ என்று அதற்கும் பயம். உன்னிடமும் சொல்லவில்லை. அங்கே தனியாக இருந்துகொண்டு நீ என்ன செய்வாய் என்று விட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, குசினி ஜன்னலுக்குக் கீழே விறகு வெட்டிக்கொண்டிருந்தேன். சிக்னல் அந்த ஜன்னலில்தான் கிடைக்கும், அவள் மாவு டின்னின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். ரோஸி புதிதாக ஏதோ வாங்கித் தருவதாக எழுதியிருக்க வேண்டும். தனு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எனக்குச் சட்டையெல்லாம் வேணாம் அக்கா. நீங்களும் குவைத்துலதானே இருக்கீங்க. ஒருநாள் எங்கம்மாவப் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் பேசாம இருக்கேன்னு கோவமான்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு நீ வேலை செய்யும் தெருவின் பெயர், வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். கோடரி என் கையிலேயே நின்றுவிட்டது. பிள்ளை என்ன கேட்டாள் என்பது அப்போது என் காதில் ஏறவே இல்லை. கண்டவனுக்கும் உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டாளே என்பதுதான் எனக்கு. அதைக் கேட்டதும் ரோஸி விளையாட்டை விட்டே போய்விட்டாளாம்.

சனிக்கிழமை காலையில் ஒரு பரிசு வந்திருந்தது. இதுவரை வந்ததிலெல்லாம் பெரியது, தங்க நிறச் சிறகு வைத்த உடுப்பு. விலையைக் கேட்டேன், ஆறாயிரத்து இருநூறு என்றாள். தீபாவளிக்கு நான் அவளுக்கு எடுத்த சல்வார் மூவாயிரத்து எண்ணூறு. பிள்ளை துள்ளுவாள் என்று பார்த்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் இதையா கேட்டேன் என்று முணுமுணுத்தாள். அந்த உடுப்பை இன்னும் போடவில்லை.

அன்றைக்குப் பேரை விட்டுவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் பசறைக்குப் போனேன். போன் விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மபாஸ் நானாதான். இந்த ரோஸி யார் என்று கண்டுபிடித்துத் தரவேண்டும், பொலிசுக்குப் போனாலும் பரவாயில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடையில் நின்ற ஆட்கள் போனதும் ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

"தம்பி, பயப்படாதீங்க. அது வேற யாரும் இல்ல, ஒங்கட பொஞ்சாதிதான்" என்றார்.

அவர் மூலமாக நீ அனுப்பும் காசில் ஒரு பங்கை ரோஸியின் கணக்கில் ஏற்றச் சொன்னதையும், எனக்குத் தெரியக்கூடாது என்று அழுததையும் சொன்னார். காசு ஏற்றிய துண்டுகளை எல்லாம் எடுத்து வைத்தார். தன்னுடைய கொமிஷனை ஒரு உறையில் போட்டு என் சட்டைப் பையில் திணித்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. தன் மகள் நஸ்மியாவுக்கு மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் விளையாட்டுக்குக் கொடுப்பதில்லையாம். பெற்றவர்கள் வந்து சொல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் ஏற்றுவதில்லையாம். இங்கே பெற்றவளே கேட்கும்போது நான் என்ன செய்ய என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நாற்பத்தோராயிரம் ரூபாய், செல்வி. நான் ஒரு மாதம் ஒரு நாள் விடாமல் மலைக்குப் போனால் விழுகிற பேர் அத்தனையும். கூரைத் தகரத்தில் பாதி வந்திருக்கும். கூரைக்குக் காசு போதவில்லை, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று நீ சொன்னபோது நானும் தலையாட்டினேனே. எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். பஸ்ஸில் வரும்போது உன்னை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கரப்பான் பூச்சியை அடிக்க என்னை எழுப்புகிறவள், குவைத்தில் உட்கார்ந்து ஆள்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறாளே என்று சிரிப்பும் வந்தது. நீ வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல.

பாதி வழியில்தான் அந்த மைக் விஷயம் எனக்கு உறைத்தது. நீ வாயைத் திறந்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடுவாள். நீ போனில் கூப்பிடும்போது வெறும் ம் கொட்டுகிறவள், ரோஸியிடம் பள்ளிக்கூடத்துக் கதை, பல் வலி, நான் உப்புப் போட மறந்த கறி எல்லாம் சொல்கிறாள். நீ அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். சட்டை வாங்குவதை நிறுத்தினால் அவள் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்திருக்கிறாய். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஒரு மைல் நடந்து வந்தேன்.

அவள் ஏன் பேசாமல் போனாள் என்பதில் எனக்கும் பங்கு உண்டு. அவள் பெரிய பிள்ளையான அன்று பகல் முழுக்க உனக்குப் போன் அடித்தாள், நீ எடுக்கவில்லை. மேடம் உன் போனை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைக்குச் சொல்லாதே, கேவலம் என்று நீ சத்தியம் வாங்கினாய். நான் அம்மாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். தன்னைவிட வேலை பெரிதாகப் போய்விட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். நம் இரண்டு பேருடைய பொய்யும் சேர்ந்துதான் இப்படி ஆகிவிட்டது.

இந்த விளையாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒன்றுமே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சம்பளத்தன்று நான் எடுக்கிற அரைப் போத்தலுக்கு இந்த வீட்டில் யாரும் கணக்குக் கேட்டதில்லை. அதனால் மாதம் ஒரு பேர், அதுவும் என்னுடைய பேர். போத்தலை விட்டுவிட்டு அந்தக் காசை அவள் கையிலேயே கொடுக்கிறேன், சட்டையோ சிறகோ அவள் பாடு. உன் காசிலிருந்து இனி ஒரு சதமும் வேண்டாம். இந்தக் கணக்குச் சரியா என்று எனக்குத் தெரியாது. கூடவா குறையவா என்று நீ சொல், மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அவள் உன்னிடம் ஒன்று கேட்டாள். நீ பதில் சொல்லாமல் சிறகு அனுப்பிவிட்டாய். நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் வாயால் கேட்டால், ஏமாற்றிவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு நிற்கும். வெள்ளிக்கிழமை அவள் ரோஸி அக்கா என்று கூப்பிடும்போது மைக்கைத் திற. கோபம் இல்லை என்று உன் வாயால் சொல். அலுமாரிக் கதையையும் சொல், அதில் உனக்கு ஒரு கேவலமும் இல்லை. அவள் போனை வீசிவிட்டு ஓடலாம், ஒரு மாதம் நம் இரண்டு பேரோடும் பேசாமல் இருக்கலாம். வீசினால் எடுத்துத் துடைத்து மறுபடி அவள் கையில் கொடுக்க நான் இருக்கிறேன்.

அந்த இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதே. தகரம் மெல்ல வரட்டும். ஒழுகும் இடத்துக்கு வாளி இருக்கிறது.

கதிர்காமத்து முருகன் உன் பக்கத்தில் நிற்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, முதுகு வலிக்குத் தைலம் தடவு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் விறகு வெட்டமாட்டேன். ஜன்னல் பக்கம் சத்தம் இல்லாமல் இருக்கும்.

நீ வரும் நாளைப் பார்த்திருக்கும்,
விஜேந்திரன்.