தலை என்று எழுதிவிட்டேன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் இருமல் விட்டதா? பாப்பா இன்னும் சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கிறாளா?

நேற்றுக் காலை ஒரு கூத்து. சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள். பிரசவ அறையில் ஒரு பெண்ணைப் பரிசோதித்துவிட்டு, குழந்தையின் தலை கீழே இருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால், என் கையுறை முழுக்கக் குழந்தையின் மலம். எட்டிப் பார்த்த சிஸ்டர், "தலை எங்கயாவது கக்கா போகுமா டாக்டரம்மா?" என்றார். வந்துகொண்டிருந்தது பிட்டம்!

பதற்றத்தில் குழந்தையைப் பிடித்து இழுக்கப் போனேன். ஆபரேஷனுக்கும் நேரமில்லை. மூத்த டாக்டர் ஓடி வந்தார்.

"இழுக்காதம்மா. கைய எடு. தானா வரட்டும்."

இழுத்தால் தலை சிக்கிக்கொள்ளும். அந்த மூன்று நிமிடம் சும்மா நின்றதைப் போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததேயில்லை. கடைசியாகத் தலையும் வந்தது. பெண் குழந்தை. வீலென்று அழுதாள். அப்பாடா! தாயும் மகளும் நலம். "தப்ப நீயே திருத்தி எழுது" என்று கேஸ் ஷீட்டை நீட்டியதோடு டாக்டர் விட்டுவிட்டார்.

மாலையில் நிம்மதியாகப் பாப்பாவுக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். விரலை விரித்துக் காட்டினேன். அது நான் இங்கே பயிற்சிக்குக் கிளம்பி வந்தபோது இருந்த கால் என்பது பிறகுதான் உறைத்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

அவளைப் பேப்பர்மேல் நிறுத்தி, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். வார்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். இரண்டு காலையும் வரையுங்கள்.

பாப்பாவின் அம்மா