சிக்னல் பியூஸ்

மார்கழி, செவ்வாய் இரவு.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. தன்னாமுனைச் சென்றியில், சோதனைச் சாவடியில், ஆமிக்காரன் காரை இடப்பக்கம் ஒதுக்கச் சொன்னான். சிக்னல் போட்டேன், எரியவில்லை. சிக்னல் இல்லாமல் கார் திரும்பியதும், தாக்க வருகிறேன் என்று நினைத்துத் துவக்கை என் நெற்றிக்கு நேரே நீட்டிவிட்டான். பக்கத்தில் மனைவி, பின்சீற்றில் பிள்ளை. கையை உயர்த்தியபடி மழைக்குள் இறங்கி நின்று கெஞ்சிய பிறகுதான் விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பியூஸ் பெட்டியைத் திறந்தேன். சிக்னல் பியூஸின் கண்ணாடிக் குழாய் கருகிப்போயிருந்தது. அதன் முனையில் ஒரு வயர்த் துண்டு முறுக்கியிருந்தது. மனைவியின் தம்பி செய்த வேலை. ஊரில் கரண்ட் இல்லையென்று என் கார் பற்றரியில் வயர் கொழுவி றேடியோ கேட்பவன் அவன்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஓம் அத்தான், நேத்து வயர் முட்டி எரிஞ்சிட்டுது. செய்தி கேக்க வேணாமா?"

"எரிஞ்சது எண்டு சொல்ல உனக்கு வாய் இல்லியா?"

"சின்னப் பியூஸ்தானே. பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்."

புதுப் பியூஸைப் போட்டேன். சிக்னல் ஒழுங்காக விட்டு விட்டு எரிகிறது. கார்ச் சாவி என் தலையணைக்கடியில் கிடக்கிறது.

ஆமிக்காரன் இன்று சுட்டிருந்தால், அந்தச் செய்தியையும் இவன் என் பற்றரியில்தான் கேட்டிருப்பான்.